அப்பா இருக்கும்போதே அவருக்காக அழுகிறேன். இது தப்பா?

தூங்காமணி:

அப்பாவுக்கு 78 வயது. பார்க்கின்சன் வந்து 11 வருடம் ஆகிறது. கடைசி 2 வருடமாக மறதியும் சேர்ந்துகொண்டது. முதலில் கையெழுத்து சிறுத்துக்கொண்டே வந்தது, அப்புறம் நடை தள்ளாடியது, அப்புறம் குரல் உள்ளே போய்விட்டது. இப்போது பகலில் வீல்சேர், மற்ற நேரம் படுக்கை. என்னை மகள் என்று தெரிகிற நாளும் உண்டு. அவருடைய அக்கா என்று நினைத்துக்கொண்டு பேசுகிற நாளும் உண்டு.

போன வாரம் அவருக்குச் சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தேன். நான் யார் என்று அவருக்குத் தெரியாத காலை அது. ஆனால் ரேசர் கன்னத்துக்குப் பக்கத்தில் போனதும் நாக்கால் உள்ளேயிருந்து கன்னத்தைத் தள்ளிக் கொடுத்தார். மூக்குக்குக் கீழே வந்ததும் மேலுதட்டைப் பல்லின் மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டார். அறுபது வருடம் கண்ணாடி முன்னால் நின்று செய்த வேலை அந்த முகத்துக்கு மறக்கவே இல்லை. நுரையைத் துடைக்கும்போது, இன்னும் எத்தனை தடவை இந்த முகத்தை மழிக்கப்போகிறேன் என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே, யாருக்கு முதலில் போன் செய்வது, தங்கைக்கு எப்படிச் சொல்வது என்று மனது வரிசையாக ஓட ஆரம்பித்துவிட்டது. அப்பா எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார். என் கைக்குள் இருக்கிற கன்னம் சூடாக இருக்கிறது.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவரை நானே முன்கூட்டி அனுப்பிவைப்பதுபோல் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, சொல்லவே வாய் வரவில்லை. நாலைந்து தடவை எழுந்துகொள்கிற இரவுகளில் ‘போதும், முடிந்துவிடட்டும்’ என்று தோன்றிவிடுகிறது. மறுநாள் காலையில் அவர் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

நாலாம்பிள்ளை:

நடந்திருக்கிறது, நடந்துகொண்டும் இருக்கிறது. என் அம்மாவுக்கு மறதி நோய். அழுவதற்கு எனக்கும் குழாய்ச் சத்தம்தான் துணை. நீங்கள் தனியாக இல்லை அக்கா. இன்றைக்கு இதற்கு மேல் எழுதத் தெம்பில்லை.

கார்முகில்:

உங்களுக்கு இருப்பதற்கு ஒரு பெயர் உண்டு. ஆன்டிசிபேட்டரி கிரீஃப் என்பார்கள், நான் முன்துக்கம் என்று சொல்லிக்கொள்கிறேன். 1944-இல் எரிக் லிண்டெமன் என்ற மனநல மருத்துவர் துக்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதை முதலில் குறிப்பிட்டார். சாவு வருவதற்கு முன்பே, பிரிவின் பயத்திலேயே ஒருவருக்கு முழு துக்கமும் வந்துவிடலாம் என்று கவனித்தார். ஆக, 80 வருடத்துக்கு மேலாக மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த விஷயம்தான் இது. உங்கள் குணத்தில் குறை எதுவும் இல்லை.

ஆனால் அந்தப் பெயர் எனக்குப் பாதிதான் பொருந்தியது. ‘முன்’ என்றால் இனிமேல் வரப்போவதற்கு அழுவது. நான் அழுததில் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டதற்காக. என் அப்பாவின் கையெழுத்து போனபோது ஒரு அழுகை. என் பெயர் அவர் வாயிலிருந்து போனபோது இன்னொன்று. பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 1970-களில், போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களைப் பார்த்து ஒரு கருத்தைச் சொன்னார். ஆள் இல்லாமல் போயும் மனதில் இருந்துகொண்டே இருப்பது ஒரு வகை இழப்பு, ஆள் கண்முன்னே இருந்தும் உள்ளே இல்லாமல் போவது இன்னொரு வகை. இரண்டாவதற்கு ஊர் கூடி அழுவதில்லை, யாரும் லீவு தருவதில்லை, ‘அப்பா நல்லா இருக்காரா?’ என்று மட்டும் கேட்பார்கள். இதைப் படித்த அன்றைக்குத்தான் நான் எதற்கு அழுகிறேன் என்று எனக்கே புரிந்தது.

துக்கத்துக்கு ஐந்து கட்டம் (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) என்று ஒன்றை யாராவது உங்களிடம் சொல்வார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அதை எழுதியது சாகப்போகிற நோயாளிகளிடம் பேசிவிட்டு. பார்த்துக்கொள்கிறவர்களுக்கான அட்டவணையாக அதை எடுத்துக்கொண்டு ‘நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன்’ என்று தேடாதீர்கள். நான் தேடினேன், வீணாகக் குழம்பினேன்.

நல்லதே நடக்கும்:

எல்லாரும் மன்னிக்கவும். அப்பா இருக்கும்போதே இப்படிப் பேசுவது சரியா? நாம் என்ன நினைக்கிறோமோ அதுதான் நடக்கும். டாக்டர் கைவிட்ட எத்தனையோ பேர் எழுந்து நடந்திருக்கிறார்கள். அழுகிற முகத்தைப் பார்த்தால் அவருக்கும் மனம் விட்டுப்போகும். சிரித்த முகத்தோடு இருங்கள். நம்பிக்கையை விடாதீர்கள்.

நைட் டூட்டி:

நான் 19 வருடமாக நர்ஸ். அதில் 8 வருடம் வலிதணிப்பு சிகிச்சைப் பிரிவில். மேலே எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் இதே வார்த்தைகளைக் கேட்டுவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு வராந்தாவில் உட்கார்ந்து ‘நான் நினைத்ததால்தான் ஆகிவிட்டதோ’ என்று நடுங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் நேராகவே சொல்கிறேன். நினைப்பதால் யாரும் சாவதில்லை. ‘முடிந்துவிடட்டும்’ என்று உங்களுக்குத் தோன்றும்போது முடிய வேண்டும் என்று நீங்கள் கேட்பது அவருடைய அவஸ்தையும் உங்கள் தூக்கமின்மையும். அப்பாவை இல்லை. நாலு தடவை எழுந்த உடம்பு பேசுகிற பேச்சு அது.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டால் பயம் பாதியாகும். டாக்டரிடம் ‘எத்தனை நாள்’ என்று கேட்டால் அவரால் சரியாகச் சொல்ல முடியாது. அடுத்த கட்டம் எப்படி இருக்கும், அப்போது வீட்டிலேயே எதைச் சமாளிக்கலாம், எதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும், எதற்கு வர வேண்டாம் என்று கேளுங்கள். டாக்டர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்று உண்டு: ‘இவர் ஒரு வருடத்துக்குள் இறந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்குமா?’ அதையே நீங்கள் அவரிடம் திருப்பிக் கேட்கலாம். பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கமும் ஒரு பதில்தான்.

பார்க்கின்சன் என்பதால் சிலதைச் சொல்லியே ஆக வேண்டும். மாத்திரை நேரத்தை அரை மணிகூடத் தள்ளாமல் பாருங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அந்த நேரத்தைத் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள், வார்டு அட்டவணைக்கு மாற்ற விடாதீர்கள். வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோகுளோப்ரமைடு, பிதற்றலுக்குக் கொடுக்கிற ஹாலோபெரிடால் இரண்டும் பார்க்கின்சனை மோசமாக்கும். இதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், அவசரத்தில் மறந்துபோகிறவர்கள் உண்டு. நேற்று வரை ஓரளவு தெளிவாக இருந்தவர் ஒரே நாளில் குழம்பிப்போனால் ‘நோய் முற்றிவிட்டது’ என்று முடிவு கட்ட வேண்டாம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, இவை ஒவ்வொன்றும் அப்படிச் செய்யும். சரிசெய்யக்கூடியதற்காகவும் சேர்த்து அழுதுகொண்டிருப்போம், பாவம்.

விழுங்கும்போது இருமல் வந்தாலோ, குடித்த பிறகு குரல் ஈரமாகக் கரகரத்தாலோ உடனே சொல்லுங்கள். உள்ளே போவது நுரையீரல் பக்கம் திரும்பினால் நிமோனியா வரும். நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுங்கள், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

ஒரு நாள் சாப்பாடு வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்வார். குடும்பங்கள் அதிகமாக உடைந்துபோவது அங்கேதான். ‘பட்டினி போட்டுக் கொன்றுவிடுவோமோ’ என்பார்கள். முடிவு நெருங்கும்போது உடம்பே உணவைக் கேட்பதை நிறுத்திவிடும். மறதி நோய் முற்றிய நிலையில் குழாய் வழியாக ஊட்டுவது ஆயுளைக் கூட்டுவதில்லை, நிமோனியாவைத் தடுப்பதும் இல்லை என்று முதியோர் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் உதட்டை ஈரப்படுத்துவது, வாயைச் சுத்தமாக வைப்பது, ஒரு ஸ்பூன் போதும் என்றால் அந்த ஒரு ஸ்பூனை ஆசையாகக் கொடுப்பது, இதுவே பெரிய பணிவிடை.

வலிதணிப்பு சிகிச்சை என்றால் கைவிடுவது என்று நினைத்து எங்களிடம் கடைசி வாரத்தில்தான் கொண்டுவருகிறார்கள். 2010-இல் 151 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இதையும் ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொண்டவர்கள் மன உளைச்சல் குறைந்து இருந்தார்கள். ஆயுளும் கூடியிருந்தது, நடுமதிப்பில் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம். வேறு நோய்தான், இருந்தாலும் சீக்கிரம் கேட்பதில் நஷ்டம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

தூங்காமணி:

நைட் டூட்டி அக்கா, உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன். குழப்பத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. போன வருடம் ஒரு ஆஸ்பத்திரியில் மாத்திரையை ஆறு மணி நேரம் தள்ளிக் கொடுத்தார்கள், மரக்கட்டை மாதிரி விறைத்துப்போனார். அன்றைக்கே போய்விடுவார் என்று நினைத்தேன். காரணம் என்னவென்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

ஒரு சந்தேகம். இப்போதே இவ்வளவு அழுதுவிட்டால் அப்புறம் கொஞ்சமாவது குறையுமா? குறையும் என்று யாராவது சொன்னால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன்.

கடைக்குட்டி:

குறையும் என்று பொய் சொல்ல மனது வரவில்லை. எனக்குக் குறையவில்லை. ஆராய்ச்சி செய்தவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். பார்த்துக்கொள்கிற காலத்தில் துக்கம் மிகக் கடுமையாக இருந்தவர்களுக்குப் பின்னாலும் சிரமம் அதிகமாக இருக்கிறதாம். அதனால் இப்போதே கை பிடிக்க ஆள் தேடிக்கொள்ளுங்கள், அதற்குத்தான் சொல்கிறேன்.

அம்மாவுக்குப் புற்றுநோய், 14 மாதம் இருந்தார். மூன்றாவது மாதமே மனதுக்குள் அம்மாவை அனுப்பிவிட்டேன். அழுது முடித்தேன், எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன், அதற்குப் பிறகு திறமையான ஆளாக மாறிவிட்டேன். ஒரு நோட்டு போட்டேன். காய்ச்சல் எவ்வளவு, மாத்திரை எத்தனை மணிக்கு, சிறுநீர் எத்தனை மில்லி, எல்லாம் கோடு போட்டு எழுதினேன். டாக்டர்களே பாராட்டினார்கள். ஒரு நாள் சாயங்காலம் அம்மா சொன்னார், “நோட்டை மூடிட்டு கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காருடா.” நான் “இதோ வர்றேம்மா” என்றேன். எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்தேன், அப்புறம் அடுத்த வரி, அதற்குள் அம்மா தூங்கிவிட்டார். அதற்கப்புறம் ஒன்பது நாள்தான் இருந்தார். அந்த ஒன்பது நாளில் அவர் மறுபடி கூப்பிடவில்லை, நானும் போய் உட்காரவில்லை. நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தத் தேதியில் 37.9 என்று எழுதியிருக்கிறது.

கார்முகில் சொன்ன அதே லிண்டெமன் கட்டுரையில் ஒரு படைவீரரின் கதை வருகிறது. அவர் போரில் இறந்துவிடுவார் என்று மனைவி முழுசாக அழுது தீர்த்துவிட்டார். அவர் உயிரோடு திரும்பி வந்தபோது அந்த அம்மாவுக்கு அவர் மேல் அன்பே மிச்சமில்லை, விவாகரத்து கேட்டார். படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் நான் செய்ததும் அதுதான். அக்கா, நீங்கள் கன்னத்தின் சூட்டைக் கவனித்திருக்கிறீர்கள். அழுகை உங்களை அவரிடமிருந்து தள்ளிவிடவில்லை. அழாமல் இருந்த நான்தான் தள்ளிப் போனேன்.

‘முடிந்துவிடட்டும்’ என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அம்மா போன இரவு நான் பத்து மணி நேரம் தூங்கினேன். எழுந்ததும் உடம்பு லேசாக இருந்தது, அது நிம்மதி என்று புரிந்ததும் என் மேலேயே அருவருப்பு வந்தது. மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு மனநல ஆலோசகர் 2003-இல் வந்த ஒரு ஆய்வைக் காட்டினார். மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட 217 குடும்பத்தினரிடம் கேட்டதில், சாவு தங்களுக்கு ஒரு விடுதலையாக இருந்தது என்று 72 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். நோயாளிக்கே அது விடுதலை என்றவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல். இவர்கள் எல்லாரும் அன்பில்லாதவர்களா? அன்றைக்குத்தான் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவுக்காக ஒழுங்காக அழுதேன்.

தூரத்து மகன்:

பக்கத்தில் இருப்பவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும், அதனால் இதை எழுதவே தயக்கம். அப்பாவை அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். நான் வருடத்துக்கு இரண்டு தடவை போகிறேன். அண்ணன் பார்ப்பது மெல்லத் தேய்கிற அப்பாவை. நான் ஒவ்வொரு தடவையும் பார்ப்பது வேறொரு அப்பாவை. கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும். அந்த அதிர்ச்சியில் ‘ஏன் இவ்வளவு மெலிஞ்சிட்டார், சரியா பார்க்குறீங்களா’ என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். அண்ணி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். என் துக்கம் விசாரணை மாதிரி வாயிலிருந்து வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க எட்டு மாதம் ஆனது எனக்கு.

தூங்காமணி, தங்கைக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அப்பா போன பிறகு சொல்வதை விட்டுவிடுங்கள். இப்போது சொல்லுங்கள். ‘எல்லாம் நல்லபடியா இருக்கு’ என்று அண்ணன் போனில் சொல்லிச் சொல்லி என்னைக் காப்பாற்றினார். எனக்கு வந்திருக்க வேண்டிய துக்கத்தையும் சேர்த்து அவரே சுமந்தார். வந்து இரண்டு வாரம் இரு, எனக்குத் தூக்கம் வேண்டும் என்று சொன்னால் போதும். எங்களுக்குச் செய்ய ஏதாவது வேண்டும்.

நல்லதே நடக்கும்:

இரண்டு நாளாக இதை மூடி மூடித் திறந்து படித்துக்கொண்டிருக்கிறேன். தூங்காமணி அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். என் அம்மாவுக்குப் போன மாதம்தான் மறதி நோய் என்று சொன்னார்கள். வீட்டில் அந்த வார்த்தையையே யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். எடுத்தால் நான் அழுதுவிடுவேன், அம்மா பார்த்துவிடுவார். மற்றபடி அம்மா நன்றாகப் பேசுகிறார். இப்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாலாம்பிள்ளை:

பேசுகிறார் என்றால் கேளுங்கள் தங்கச்சி. பின்னால் யார் முடிவெடுக்க வேண்டும், குழாயும் வென்டிலேட்டரும் வேண்டுமா வேண்டாமா என்று அவர் வாயாலேயே சொல்ல இப்போதுதான் முடியும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்காமல் விட்டோம், இப்போது நாலு பிள்ளைகளும் நாலு விதமாக ஊகிக்கிறோம். அப்புறம் குரலைப் பதிவு செய்து வையுங்கள். விசேஷமாக எதுவும் பேச வேண்டாம், உங்களைத் திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை. என் அம்மா என்னைக் கூப்பிடுகிற குரல் என்னிடம் எதிலும் இல்லை. அவர் முன்னால் அழுதால் அழுங்கள். ஒரு தடவை நான் அழுதபோது அம்மா என்னை யார் என்று தெரியாமலேயே தலையைத் தடவிக் கொடுத்தார்.

தூங்காமணி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். டாக்டரிடம் அந்த ஒரு வருடக் கேள்வியைக் கேட்டேன். பேனாவை மூடிவைத்துவிட்டு, “ஆச்சரியப்பட மாட்டேன்” என்றார். வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன், ஆனால் இந்தத் தடவை எதற்கு அழுகிறேன் என்று தெரிந்தது. வலிதணிப்புப் பிரிவிலிருந்து ஒரு நர்ஸ் இப்போது வீட்டுக்கு வருகிறார்.

தங்கைக்குப் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். கோபப்பட்டாள். மறுநாள் டிக்கெட் போட்டுவிட்டேன் என்றாள். வந்ததும் முதலில் அவளுக்கு அப்பாவைத் தொடவே பயமாக இருந்தது. நாலாவது நாள் ரேசரை அவளிடம் கொடுத்தேன். கன்னத்துக்குக் கிட்டே கொண்டுபோனதும் அப்பா நாக்கால் தள்ளிக் கொடுத்தார். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. “இது தெரியுமா உனக்கு?” என்றாள். தெரியும் என்றேன். அன்றைக்கு எட்டு மணி நேரம் தூங்கினேன்.

நைட் டூட்டி அக்காவிடம் ஒரு கேள்வி. இரவில் திருப்பிப் படுக்க வைக்கும்போது அப்பா என் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார், விடுவதில்லை. விரலைப் பிரித்தால் முகம் சுளிக்கிறார், வலிக்கிறதுபோல. அவராக விடும் வரை குனிந்தபடியே நிற்கிறேன், இடுப்பு கழன்றுபோகிறது. என்ன செய்யலாம்?

நைட் டூட்டி:

விரலை இழுக்காதீர்கள், இழுத்தால் பிடி இன்னும் இறுகும். மணிக்கட்டை மெதுவாக உள்ளங்கைப் பக்கமாக மடக்கிவிடுங்கள். மணிக்கட்டு மடங்கினால் விரல்கள் தாமாகவே தளரும். அவசரம் கூடாது, பேசிக்கொண்டே செய்யுங்கள். பிடி விட்டதும் சுருட்டிய சின்னத் துணி ஒன்றை உள்ளங்கையில் வையுங்கள், நகம் குத்தாமல் இருக்கும். நகத்தை ஒட்ட வெட்டி வையுங்கள். உங்கள் இடுப்புக்குக் கட்டில் உயரத்தையும் பாருங்கள், கால் நாலுக்கும் கட்டை கொடுத்து உயர்த்தலாம், ஆடாமல் இருக்க வேண்டும்.

தூங்காமணி:

நேற்று ராத்திரி செய்து பார்த்தேன் அக்கா. மணிக்கட்டை மடக்கினதும் விரல் ஒவ்வொன்றாக விட்டது. துணியைச் சுருட்டித் தயாராகத்தான் வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் கையையே கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.